வெட்டிய மறுநாளும் அந்த வண்டு வந்தது: வறண்ட நிலச் செடிகளோடு நம் அனுபவங்கள்

செம்மண் தரை

பத்து நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். தோட்டத்து மூலையில் ஒரு ஆவாரஞ்செடி நின்றது. யாரும் நடவில்லை, தானாக முளைத்தது. இரண்டு கோடை மழையில்லாமல் போய், தண்ணீர் ஊற்றி வளர்த்த ரோஜாவும் செம்பருத்தியும் கருகிய பிறகும் அது மட்டும் தலை கொள்ளாத மஞ்சளோடு நின்றது. அப்போதும் நான் அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

ஒருநாள் காலை அதன் பக்கத்தில் குனிந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுப்பு வண்டு, தச்சுத் தேனீ என்பார்களே அது. பறக்கும்போது கனத்த ரீங்காரம். பூவைக் கட்டிப்பிடித்ததும் சத்தம் சட்டென்று மெலிந்து உச்சத்துக்குப் போனது. ஒரு நொடி, அப்புறம் மௌனம், மறுபடியும் அதே. சிறகு மடங்கியிருந்தது, உடம்பு மட்டும் நடுங்கியது. ஆவாரைப் பூவின் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிப்பதில்லை, நுனியில் சிறு துளை மட்டும்தான் உண்டு. உலுக்கினால்தான் தூள் கொட்டும். வண்டு திரும்பியபோது அதன் வயிறு முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு நானும் போய் நிற்பேன்.

வேலி ஓரத்தைச் சுத்தம் செய்ய ஆள் வரச் சொன்னது நான்தான். ஆவாரையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். மாலையில் வந்து பார்த்தால் வெறும் தரை.

மறுநாள் அதே நேரத்துக்கு வண்டு வந்தது. செடி நின்ற இடத்தில், பூக்கள் இருந்த உயரத்தில், வெறும் காற்றில் ஒரு இடத்தில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று தேடியது. மூன்று நாள் வந்தது. நான்காம் நாள் வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கூட்டுப்புழு

படித்துவிட்டு வேலை ஓடவில்லை. எனக்கு எருக்கு.

வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளோடு இருக்கும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சின்ன எருக்கஞ்செடி. ஒன்பது புழுக்கள் சேர்ந்து ஒரு வாரத்தில் அதை மொட்டைக் குச்சியாக்கிவிட்டன. ஏறவும் இறங்கவுமாக அவை அலைந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்துப் போய்க் கறிவேப்பிலைச் செடியின் இளந்தளிரில் விட்டேன். தளிர் என்றால் எந்தப் புழுவும் தின்னும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு கடி கூடக் கடிக்கவில்லை. ஒரு புழு இலை நுனிவரை போய், உடம்பின் முன்பாதியைக் காற்றில் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டியது. கண் தெரியாதவர் சுவரைத் தடவுவது போல இருந்தது. மூன்றாம் நாள் எல்லாமே கீழே கிடந்தன.

அவை எருக்கையும் அதன் உறவுக்காரச் செடிகளையும் மட்டுமே தின்னும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பாலில் இருக்கும் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால்தான் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லையாம். நூறு அடி தள்ளி, சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு எருக்கு நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன்.

ஓடைக்கல்

செம்மண் தரை அக்கா, நானும் ஒரு ஆவாரையைக் கொன்றவன்தான். தண்ணீர் ஊற்றியே கொன்றேன். சொட்டுக்குழாயை அதன் காலடியிலும் போட்டிருந்தேன். மழைக்காலம் வந்ததும் ஒரே வாரத்தில் இலையெல்லாம் தொங்கிவிட்டது. தண்டைப் பிடித்து இழுத்தபோது வேர்ப்பட்டை பச்சை வெங்காயத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மறுபடி வளர்ப்பதாக இருந்தால் சிலது சொல்கிறேன். நாற்றாக வாங்கி நடாதீர்கள். ஆவாரையின் ஆணிவேர் நேராக ஆழம் போகும். பையில் வளர்ந்த நாற்றில் அந்த வேர் அடியில் சுருண்டுவிடும், அப்புறம் எத்தனை வருடம் ஆனாலும் கோடையில் தவிக்கும். விதையை நிற்கும் இடத்திலேயே போடுங்கள். தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் ஊதியிருக்கும் விதைகளை மட்டும் நட்டால் போதும், ஊதாததை மறுபடி தேய்த்து ஊற வையுங்கள். மழைக்குச் சற்று முன்பு போட்டால் பாதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.

வறட்சி தாங்கும் என்றால் முதல் நாளிலிருந்தே தாங்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேர் ஆழம் போகும் வரை அதுவும் குழந்தைதான். முதல் வருடக் கோடையில் வாரம் ஒருமுறை, மண் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட இது நல்லது. தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாம் வருடம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். எரு வேண்டாம். கொழுத்த மண்ணில் இலைதான் மண்டும், பூ குறையும்.

தரையை முழுக்கச் சருகு போட்டு மூடிவிடாதீர்கள். தனியாக வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை வெறும் மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடும். ஒரு முறம் அளவுக்காவது வெயில் படுகிற வெறுந்தரை இருக்கட்டும்.

கூட்டுப்புழு, எருக்கு வெட்டும்போது கண்ணில் பால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கருவிழியைப் பாதிக்கும்.

வண்ணச்சிறகு

எல்லோரும் நாட்டுச் செடிகளையே சொல்கிறீர்கள். நான் பார்த்தது வேறு. எங்கள் பக்கம் எல்லாம் காய்ந்து கிடந்த ஒரு கோடையில், பூவோடு நின்றது ஒரு உண்ணிச்செடி மட்டும்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள் பூ, சுற்றிலும் இளஞ்சிவப்புப் பூ. வந்த வண்ணத்துப்பூச்சிகள் மஞ்சளில் மட்டும்தான் உறிஞ்சுகுழலை விட்டன, சிவப்பைத் தொடவே இல்லை. மகரந்தம் சேர்ந்த பூ நிறம் மாறிவிடும் என்று அப்புறம் படித்தேன். ‘இங்கே தேன் தீர்ந்தது’ என்று பூவே சொல்லிவிடுகிறது!

அப்படிப்பட்ட செடியை அயல்செடி என்ற ஒரே காரணத்துக்காக வேரோடு பிடுங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பசித்த உயிருக்கு அது எந்த ஊர்ச் செடி என்று தெரியுமா?

கரட்டுக்காடு

வண்ணச்சிறகு தம்பி, நீங்கள் பார்த்தது பொய் இல்லை. உண்ணியில் வண்ணத்துப்பூச்சி வரும், தேனும் குடிக்கும். ஆனால் கூட்டுப்புழு எழுதியதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். ஒன்பது புழுக்கள் செத்தது தேன் இல்லாமலா? இலை இல்லாமல். தேன் எந்தப் பூவில் கிடைத்தாலும் குடிக்கலாம், முட்டையிட அதற்கென்று உள்ள இலைதான் வேண்டும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி, இன்று காட்டுக்குள் புதர் புதராகப் பரவி, அடியில் வேறெதையும் முளைக்க விடுவதில்லை. ஆடு மாடு தின்றால் அதற்கும் நஞ்சு. அது மூடிய இடத்தில் தும்பை ஏது, கிலுகிலுப்பை ஏது?

நான் சொல்ல வந்ததே கிலுகிலுப்பையைப் பற்றித்தான். நிலத்தில் மண்டியிருந்ததைப் பிடுங்கி, ஓரமாக ஒரு குவியல் போட்டிருந்தேன். இரண்டு நாள் வெயிலில் வாடிவிட்டது. மூன்றாம் நாள் போனால் அந்தக் குவியலே அசைகிறது. நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள். முப்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்ததால் எண்ண முடியவில்லை. குவியலில் ஒரு பூ இல்லை. காய்ந்த தண்டைக் கால் நகத்தால் பிறாண்டி, உறிஞ்சுகுழல் வழியாகத் துளி ஈரத்தை விட்டு, அதையே திரும்ப உறிஞ்சுகின்றன. நான் கையை நீட்டினேன், ஒன்றுகூட எழவில்லை. என் விரல் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது ஒன்று.

வந்தவை பெரும்பாலும் ஆண்கள். வாடும் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் இருக்கும் ஆல்கலாய்டு என்ற ஒருவகைத் தாவர வேதிப்பொருளை எடுத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைச் செய்துகொள்கின்றன. அது கிடைக்காத ஆணைப் பெண் ஏற்பது குறைவு. களை என்று நான் பிடுங்கியெறிந்தது அவற்றின் கல்யாணக் காரியம். மீதியைப் பிடுங்காமல் விட்டேன். ஆனால் அந்த வருடம் பாதிக்கு மேல் ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது.

வண்ணச்சிறகு

அண்ணா, முட்டையிடும் இலை பற்றிச் சொன்னது புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்ணியைப் பிடுங்குகிற அன்றே அந்த இடத்தில் வேறு பூ தயாராக இருப்பதில்லை. நடுவில் ஒரு கோடை வெறுமையாகப் போகிறது. முதலில் நொச்சியும் ஆடாதோடையும் நட்டு, அவை பூத்த பிறகு உண்ணியை எடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

கரட்டுக்காடு

அது நியாயம். நொச்சி குச்சி வைத்தாலே வரும், மழைக்கு முன்பே வையுங்கள். ஆனால் அதுவரை உண்ணி காயை மட்டும் பழுக்க விடாதீர்கள், பறவை தின்று ஊரெல்லாம் விதைக்கும்.

நிழல்வலை

செடி நல்லதாக இருந்தும் தப்பாகப் போன கதை என்னுடையது. பூவோடு நின்ற ஒரு நொச்சியை நர்சரியில் வாங்கிவந்தேன். ஊதாக் கொத்து, வந்த அன்றே கொசுத்தேனீக்கள் மொய்த்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் தொட்டிக்குக் கீழே இருந்த தட்டில் ஒன்று மல்லாந்து, காலை உதறிக்கொண்டு, ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புரட்டிவிட்டேன். இரண்டடி நடந்து மறுபடி மல்லாந்தது. பக்கத்தில் இன்னும் நான்கு அசையாமல் கிடந்தன.

வாங்கிய இடத்தில் கேட்டேன். மாதம் ஒருமுறை மண்ணில் பூச்சிமருந்து ஊற்றுவோம் என்று சாதாரணமாகச் சொன்னார். மண்ணில் ஊற்றும் மருந்து வேர் வழியாக ஏறி இலை, மகரந்தம், தேன் எல்லாவற்றிலும் கலந்துவிடுகிறது. இமிடாகுளோப்ரிட் உட்பட அப்படிப்பட்ட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டதே தேனீக்களுக்காகத்தான்.

பூக்களை எல்லாம் கிள்ளி மூடிய பையில் போட்டேன். அடுத்த பூ வரும்போதும் கிள்ளினேன். ஒவ்வொரு தடவையும் மேலே தேனீக்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, நான் அவற்றின் வாயிலிருந்து பறிப்பது போல. இப்போது வாங்கும் முன் கேட்டுவிடுகிறேன். அல்லது தெரிந்தவர் வீட்டுக் குச்சி.

மாலை வெயில்

நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். காய்ந்த நாயுருவித் தண்டு ஒன்று, பிடுங்கச் சோம்பல்பட்டு விட்டது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீக்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து இறங்கின. கொஞ்ச நேரம் இடத்துக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. அப்புறம் ஒவ்வொன்றும் தண்டை வாயால் கவ்வி, காலை மடக்கி, உடம்பை அப்படியே வெளியே நீட்டித் தூங்கிவிட்டன. பிடிமானம் வெறும் தாடையில்தான். பதினொன்று இருந்தன. விடியற்காலையில் பார்த்தால் ஒவ்வொன்றின் ரோமத்திலும் பனித்துளி, வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு போயின. தினமும் சாயங்காலம் அதே தண்டுக்குத்தான் வந்தன.

ஒரு காற்றில் தண்டு முறிந்துவிட்டது. அன்று மாலையே அதே இடத்தில் வேறு காய்ந்த குச்சி ஒன்றை ஊன்றினேன். வந்து சுற்றிப் பார்த்தன, உட்காரவில்லை. எங்கே போய்த் தூங்குகின்றன என்று தெரியவில்லை. குச்சி அங்கேயே இருக்கிறது.

ஓடைக்கல்

குச்சி வழுவழுப்பாக இருந்தால் பிடிக்காமல் போகலாம் அக்கா, சொரசொரப்பான தண்டு வைத்துப் பாருங்கள். செம்மண் தரை அக்கா, ஒன்று கேட்க மறந்தேன். வேரோடு எடுத்தார்களா, தரையோடு வெட்டினார்களா? வெட்டியிருந்தால் ஆவாரை துளிர்க்கும், அந்த இடத்தைக் கிளற வேண்டாம்.

செம்மண் தரை

தரையோடு வெட்டியிருந்தார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தேன். அடிக்கட்டையில் சுண்டுவிரல் நீளத்துக்கு மூன்று துளிர். நடுத்துளிரின் இலையில் வெள்ளையாக, அரிசியை விடச் சிறியதாக, நட்டுக்குத்தலாக ஒரு முட்டை. வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று காலையில் அங்கே தாழப் பறந்ததைப் பார்த்தேன், அதனுடையதாக இருக்கலாம்.

சுற்றிலும் நான்கு கல் வைத்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். வேலி வேலைக்கு நாளை திரும்ப ஆள் வருகிறார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.