மறைமலை நகரில் வீடு, பாரிமுனையில் வேலை: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பல்லாவரத்தில் கொடுக்கும் வாடகையைவிடக் குறைவாக மறைமலை நகரில் இரண்டு படுக்கையறை வீடு கிடைப்பதால், அங்கே குடிபெயரலாமா என்று நானும் என் மனைவியும் யோசித்து வருகிறோம். என் அலுவலகம் பாரிமுனையில் இருப்பதால், கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலையே தினமும் நம்ப வேண்டியிருக்கும். சீசன் டிக்கெட் மலிவுதான். ஆனால் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதால், இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் செங்கல்பட்டு வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க நேரிடும் என்பதே என் பெரிய கவலை. காலையில் மறைமலை நகரில் ஏறுவோருக்கு உட்கார இடம் கிடைக்கிறதா? முதுகுவலிக்காரன் என்பதால் கேட்கிறேன். 2025 ஏப்ரலில் இத்தடத்தில் அறிமுகமான குளிர்சாதன ரயிலில் செல்வோர், அதன் கூடுதல் கட்டணம் தகுமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.