பைத்தான்: அடுத்தவர் பில்லில் முந்தையவர் வாங்கிய ஆணி எப்படி வந்தது?

ஆணிக்கடை:
அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் பைத்தான் நிரல் மொழியில் சின்னதாக ஒரு பில் நிரல் எழுதினேன். அதில் பில்_போடு(பொருள், பட்டியல்=[]) என்று ஒரு ஃபங்ஷன். பொருளைப் பட்டியலின் கடைசியில் சேர்த்து (அப்பென்ட்) திருப்பித் தரும். பட்டியல் கொடுக்காவிட்டால் காலியாக ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தேன். முதலில் வந்தவர் அரைக் கிலோ ஆணி வாங்கினார், பில் சரி. அடுத்தவர் வாங்கியது ஒரே ஒரு பெயின்ட் பிரஷ். பில்லில் ஆணியும் இருந்தது! நிரலை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. அப்பா பேசாமல் பழைய பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். எங்கே தப்பு?

மதிய_ஷிஃப்ட்:
எல்லோரும் ஒரு தடவை விழுந்த குழிதான். அந்த [] ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் மேல் வரி (டெஃப் வரி) ஓடும்போது ஒரே ஒரு முறை உருவாகி ஃபங்ஷனோடு ஒட்டிக்கொள்ளும். அன்று வந்த அத்தனை பேருக்கும் ஒரே பட்டியல். பட்டியல்=நன் (‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு, மேற்கோள் குறி இல்லாமல்) என்று வைத்து, உள்ளே ‘இஃப் பட்டியல் இஸ் நன்’ என்றால் அங்கே புது [] போடுங்கள்.

சுருள்_அடைப்பு:
ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ள ஓர் இயல்பு மதிப்பு வைக்கும் வசதி அங்கே 2015-இல் வந்தது, அது அழைக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடும். ஆனால் அங்கே வேறு வம்பு: ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பே தரப்படவில்லை) வந்தால்தான் இயல்பு மதிப்பு வரும், ‘நல்’ (வெறுமை என்ற மதிப்பு) அனுப்பினால் நல்லே உள்ளே போகும்.

ஆணிக்கடை:
பட்டியல் சரியாகிவிட்டது, நன்றி. அதே பாணியில் தள்ளுபடிக்கும் நன் வைத்து, உள்ளே தள்ளுபடி = தள்ளுபடி ஆர் 5 (தள்ளுபடி இல்லையென்றால் 5) என்று எழுதினேன். கடன் சொல்லி வாங்குபவருக்கு அப்பா 0 போட்டால் 5 சதவீதம் கழிகிறது. அப்புறம், தேதி=டேட்.டுடே() (இன்றைய தேதி) என்று டெஃப் வரியிலேயே வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க நிரல் ஓடினால் காலை பில்லில் நேற்றைய தேதி.

மதிய_ஷிஃப்ட்:
தேதி அதே நோய், அதே மருந்து. தள்ளுபடி வேறு: ‘ஆர்’ பூஜ்ஜியத்தையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். எண்ணை யாரும் உள்ளே புகுந்து மாற்ற முடியாது, அதனால் தள்ளுபடி=5 என்று மேலேயே நேராக எழுதலாம். நன் தேவையே இல்லை.

ஆணிக்கடை:
மாற்றினேன். நேற்று கடையை மூடும்போது வேண்டுமென்றே நிரலை ஓடவிட்டு வந்தேன். காலையில் இன்றைய தேதிதான் வந்தது.