வரியெல்லாம் சிவப்பு, பச்சை: மார்க்டவுனுக்கு மாத்தினதை எப்படிச் சரிபார்க்கறீங்க?

பாலக்கோட்டான்:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையோட எடைமேடை சாஃப்ட்வேரை நான்தான் பார்த்துக்கறேன். கையேடு ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்ங்கற குறியீட்டு எழுத்துமுறைல இருந்துச்சு. கூட இருக்கற தம்பி, ஃபைலை ஒரு முறைல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற பான்டாக் டூல் வெச்சு 43 ஃபைலையும் மார்க்டவுன்ங்கற இன்னொரு எழுத்துமுறைக்கு மாத்திட்டு, "ஃபார்மேட்டிங் மட்டும்தாண்ணா, பார்த்து மெர்ஜ் பண்ணிடுங்க (சேர்த்துடுங்க)"ன்னான். பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டற டிஃப்பைத் திறந்தா ஒரு எழுத்தும் மாறாத பத்திகூட புதுசுன்னு காட்டுது. தோத்தாபுரி லோடு வர்றதுக்குள்ள ஆபரேட்டருங்க கையில கொடுக்கணும். வரி வரியா படிச்சா காயெல்லாம் பழுத்துடும். வழி சொல்லுங்க.

தொப்பூர் மேடு:
பான்டாக் தானாவே 72 எழுத்துக்கு வரியை மடிச்சிடும், அதான். ராப் ஆப்ஷன்ல பிரிசர்வ்னு (வரியை இருக்கற மாதிரியே விடுன்னு) கொடுத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்க. ஃபைல் பேரை மாத்தறது ஒரு கமிட் (ஒரு தடவை பதிவு பண்ற மாற்றம்), உள்ளே மாத்தறது இன்னொரு கமிட். அப்புறம் மாற்றங்களைப் பதிவு வெச்சுக்கற கிட் டூல்ல, வரிக்குப் பதிலா வார்த்தை வார்த்தையா ஒப்பிடற வேர்ட் டிஃப் போட்டுப் பாருங்க.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
அதோட பழசு, புதுசு ரெண்டையும் பான்டாக்லயே பிளெயின் டெக்ஸ்ட்டா (குறியீடு இல்லாத வெறும் எழுத்தா) எடுத்து ஒப்பிடுங்க சார். வார்த்தை மாறியிருந்தா அங்கே சிக்கிடும். ஆனா அது வார்த்தைக்கு மட்டும்தான். மாத்தும்போது பான்டாக் விட்டுட்டுப் போற குறிகள், அதாவது டைட்டில் ரெஃப், இன்டர்பிரெட்டட் டெக்ஸ்ட், வரிசையா மூணு முக்காற்புள்ளி (:::), இதையெல்லாம் புது ஃபைல்ல தனியா தேடுங்க. பழைய ஆளுங்க ஒத்தை பேக்டிக்ல (` குறிக்குள்ள) எழுதினது, நோட் பெட்டி, பக்கத்துக்குப் பக்கம் போற லிங்க், மூணும் உடையற இடம் அதுதான்.

பாலக்கோட்டான்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ராத்திரியே உக்காந்துட்டேன். மடிப்பு போனதும் டிஃப் பாதிக்கும் கீழே வந்துடுச்சு. "காலி எடை போடாம பில்லை மூடாதீங்க"ங்கற மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி, எங்க சைட்ல மூணு முக்காற்புள்ளியோட சாதா வரியா நிக்குது. டிஃப்ல பார்த்தப்போ எனக்கு அது தப்பாவே தோணலை, பக்கத்தை பிரவுசர்ல திறந்தப்புறம்தான் திக்குன்னுச்சு. லாரி போனப்புறம் காலி எடைக்கு எங்கே போறது?

பிளெயின் டெக்ஸ்ட் ஒப்பீட்டுல இன்னொண்ணு. கழிவு சதவீதம் 2 இருந்த இடத்துல 3. தம்பியைக் கேட்டா, "தப்பா இருந்துச்சுண்ணா, அப்படியே சரி பண்ணிட்டேன்"ங்கறான். அவன் சொல்றது சரிதான். அதுக்காக ஃபார்மேட்டிங் கமிட்டுக்குள்ள வெச்சா யாருக்குத் தெரியும்? தனி கமிட்டா பிரிச்சுட்டு வரச் சொல்லிட்டேன். மூஞ்சை தூக்கி வெச்சிருக்கான், டீ வாங்கிக் கொடுக்கணும்.