கொன்றை முளைத்தது புகையாலா, சூட்டாலா?

நெடுங்கேணியான்: "காட்டுத்தீயின் புகை பட்டால் எந்த மர விதையும் முளைக்கும், ஆகவே வன்னிக் காட்டுக்குத் தீ நல்லது" என்று நேற்று ஒரு மேதை இந்த இணைய மன்றத்தில் எழுதியிருக்கிறார். எந்த மர விதையுமா? ஐயா கொன்றைக் காயை உடைத்துப் பார்த்திருக்கிறாரா? அறை அறையாக, கரும்பிசினில் ஒட்டிய தட்டை விதை. கடித்தால் பல்தான் போகும். தண்ணீரையே உள்ளே விடாத தோல் அது. சூடு பட்டால் வெடிக்கும்.

குளத்தடி: அந்த மேதை நான்தான். பெயர் சொல்லியே ஏசலாம். தென்னாபிரிக்காவில் 1990இல் புகையை மட்டும் காட்டி விதை முளைக்க வைத்தார்கள். 2004இல் புகையிலிருந்து அந்தப் பொருளையே பிரித்தெடுத்தார்கள். கரிக்கின் என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்கள் புகைக்குச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது. மண்ணில் படிந்து, மழையில் கரைந்து விதைக்குள் போகிறது.

நெடுங்கேணியான்: தண்ணீர் போனால்தானே அதுவும் போகும்! கொன்றைத் தோல் விடாது. மாசியில் பாதி விதையை வைக்கோல் புகையில் ஒரு மணி நேரம் வைத்தேன். மீதியைக் கொதித்து இறக்கிய நீரில் இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் சுடுநீர் விதை ஊதியிருந்தது. புகை விதையை ஊறப்போட்டும் கல்லாகவே கிடந்தது. சூடு!

குளத்தடி: வைக்கோல் புகை காட்டுப் புகையாகுமா?

நெடுங்கேணியான்: உங்கள் கரிக்கின் செல்லுலோஸ் எரிந்து வருவது. வைக்கோல் பிறகென்ன, இரும்பா?

பாலைப்பழம்: பாலை மரத்தை இருவரும் மறந்துவிட்டீர்கள். கரடி தின்று கழித்துப் போகிற விதைக்கு எந்தத் தீ வேண்டும்?

குளத்தடி: கரடிக்குத் தனித் திரி தொடங்குங்கள். நெடுங்கேணியாரே, போன வருடம் முதிரை மரமும் கருங்காலி மரமும் ஒன்றென்று எழுதியவர் நீங்கள்தானே?

நெடுங்கேணியான்: அது தட்டச்சுப் பிழை. நூறு முறை சொல்லிவிட்டேன். இங்கே தீ தானாகவா வருகிறது? காட்டை எரித்துப் பயிர் செய்கிற சேனைக்காரன் வைப்பது. அவனுக்கு விஞ்ஞானச் சாட்சி தேடிக் கொடுக்கிறீர்கள்.

மேட்டுக்காணி: என் அப்பு சேனையில் குரக்கன் போட்டுத்தான் ஏழு பிள்ளைகளை வளர்த்தார். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

நெடுங்கேணியான்: அப்புவை யார் இழுத்தது? நான் விதைத் தோலைப் பற்றிப் பேசுகிறேன்.

குளத்தடி: எல்லா விதைக்கும் கொன்றைத் தோலா? தோல் மெல்லிய சில விதைகளுக்குப் புகை போதும்.

நெடுங்கேணியான்: "எந்த மர விதையும்" என்று எழுதியது யார்? மேலே போய் வாசியுங்கள். கொன்றைக்குச் சூடு.

மேட்டுக்காணி: முதலில் சேனைக்காரனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.