எஸ்டீம் 1.3 என்ஜின்: ட்ராக்குக்கு 11:1 கம்ப்ரெஷன் போகலாமா?

வைகைக்கரை:
மாருதி எஸ்டீம் கார் என்ஜின் (ஜி13பிபி, போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ.) ஒண்ணை ட்ராக்குக்கு மட்டும்னு ரெடி பண்றேன். டர்போ கிடையாது. ஓடப்போறது கோயம்புத்தூர் காரி ட்ராக்ல, பெட்ரோல் 95 ஆக்டேன். ஹெட்டோட (சிலிண்டர் மேல மூடுற பகுதி) முகத்தை 1.5 மி.மீ. ஃபேஸிங் போட்டு சீவுனா, கம்ப்ரெஷன் (உள்ள வர்ற கலவை எத்தனை மடங்கு நசுங்குதுங்கிற விகிதம்) 11:1 வந்துரும்னு மதுரை கப்பலூர்ப் பக்கம் சொல்றாங்க. கேம் ஷாஃப்ட் (வால்வைத் திறந்து மூடுற தண்டு) கம்பெனியில வந்ததுதான். போடலாமா அண்ணே?

மேலூர் லேத்து:
தம்பி, ஹெட்டை மெஷின்ல ஏத்தாதீங்க. வெட்டுன அலுமினியம் திரும்ப வராது. முதல்ல அளங்க.

வால்வு, பிளக் எல்லாம் மாட்டி ஹெட்டை மல்லாத்தி வைங்க. நடுவுல ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி மேல ஒட்டி, சிரிஞ்சுல மண்ணெண்ணெய் ஏத்துங்க. காத்துக் குமிழி நின்னா கணக்கே தப்பு. நாலு சேம்பரையும் (ஹெட்ல பெட்ரோல் எரியுற குழி) தனித்தனியா அளக்கணும். பிஸ்டன் பாக்கெட் (பிஸ்டன் தலையில வால்வுக்கான குழி), பிஸ்டன் டெக்குக்கு (பிளாக்கோட மேல்முகம்) எவ்வளவு கீழ நிக்குது, நசுங்குன கேஸ்கெட் தடிமன், இதையும் எழுதுங்க.

கேம்லோப்:
கேள்வியே தலைகீழா இருக்கு. பெட்ரோலும் கேமும் முடிவான பிறகுதான் கம்ப்ரெஷன். ஸ்டாக் கேம் இன்டேக் வால்வை சீக்கிரம் மூடிரும். அதனால ஏட்டுல 11:1 போட்டா, கார்னர்ல இருந்து 3500 ஆர்பிஎம்ல ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதே தட்டும் (நாக்கிங், கலவை தானா வெடிக்கிறது). நீண்ட டியூரேஷன் கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிறது) வால்வை லேட்டா மூடுறதால கீழ் ஆர்பிஎம்ல அழுத்தம் கொஞ்சம் கசியும். 11:1 அதுக்குத்தான் பொருந்தும். ஸ்டாக் கேமோட இந்தப் பெட்ரோலுக்கு 10.5-க்கு மேல நான் போகச் சொல்லமாட்டேன்.

ஆதாயமும் பெருசில்ல. 9.5-ல இருந்து 11-க்குப் போனா தியரியில சுமார் 4 சதவீதம். மீதி எல்லாம் கேம், போர்ட், எக்ஸாஸ்ட் குடுக்குறது.

வைகைக்கரை:
அளந்துட்டேன். சேம்பர் 29.1, 28.8, 29.4, 28.9 சிசி. பிஸ்டன் பாக்கெட் 3 சிசி. பிஸ்டன் 0.2 மி.மீ. கீழ நிக்குது. கேஸ்கெட் ஓட்டை 75 மி.மீ., தடிமன் 1 மி.மீ. கேமை மாத்தல, 10.5 போதும்.

மேலூர் லேத்து:
ஒரு சிலிண்டர் 324.7 சிசி. சேம்பர் சராசரி 29.05, பாக்கெட் 3, டெக் 0.86, கேஸ்கெட் 4.4, மொத்தம் 37.3. 324.7-ஐயும் 37.3-ஐயும் கூட்டி 37.3-ஆல வகுத்தா, இப்ப 9.7:1. 10.5-க்கு மொத்தம் 34.2 இருக்கணும், 3.1 சிசி குறையணும்.

பிளாக்கை 0.2 மி.மீ. ஃபேஸ் பண்ணுங்க, 0.86 போச்சு. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் கேஸ்கெட்டோட 1 மி.மீ.தான் இருக்கும், நாக்கிங் குறைய அந்த நெருக்கம் நல்லது. 0.8-க்குக் கீழ மட்டும் இறங்காதீங்க, அதிக ஆர்பிஎம்ல ராடு நீண்டு முட்டும்.

மிச்சம் 2.3 சிசி ஹெட்ல. சேம்பர் போர் அளவு அகலமில்ல, அதனால மி.மீ.க்கு 4.3 சிசின்னு கணக்குப் போட்டா ஏமாறுவீங்க. தகட்டை எடுத்துட்டு, ஹெட்டை மட்டம் பார்த்து வச்சு, 26.75 சிசி ஊத்துங்க. ஹெட் முகத்துல இருந்து எண்ணெய் மட்டம் எவ்வளவு கீழ நிக்குதுன்னு டெப்த் கேஜ்ல பாருங்க. வெட்ட வேண்டியது அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி சின்ன சேம்பரை எல்லாம் லேசா கிரைண்ட் பண்ணி 29.4-க்கு சமப்படுத்திருங்க, ஊத்துறது அதே 26.75-தான். அப்ப வெட்டு கொஞ்சம் கூடும், 2.65 சிசிக்கு.

கேம்லோப்:
ஹெட் இறங்குனா பெல்ட் தளர்ந்து கேம் டைமிங் ரிடார்ட் ஆகும் (வால்வு லேட்டாத் திறந்து மூடும்). அட்ஜஸ்டபிள் கேம் புல்லி கட்டாயம். பிஸ்டன் மேல பிள்ளைங்க விளையாடுற களிமண்ணை வச்சு, கையால ரெண்டு சுத்து சுத்தி, வெட்டி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல நசுங்குன தடிமனைப் பாருங்க: இன்டேக் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் 2.5 மி.மீ. இருக்கணும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டா டாப் ரிங் கேப் (மேல் வளையத்தோட ரெண்டு முனைக்கும் இடைவெளி) சுமார் 0.33 மி.மீ.; இறுக்கமா விட்டா சூட்டுல முனைகள் முட்டி ரிங் லேண்ட் (பிஸ்டன்ல வளையத்தைத் தாங்குற விளிம்பு) உடையும்.

ஸ்க்ரூடிரைவர்:
மதுரையில சித்திரை வெயில்ல டியூன் பண்ணா நல்லது, சூடான காத்துலதான் தட்டும். லாம்டா (காத்து-பெட்ரோல் கலவை அளவு, 1-க்குக் கீழன்னா பெட்ரோல் கூட) 0.87-0.88, பிளக் ஒரு படி கோல்டு (சூட்டைச் சீக்கிரம் கடத்துறது). பிளக் பீங்கான்ல பளபளன்னு அலுமினியப் புள்ளி தெரிஞ்சா தட்டுதுன்னு அர்த்தம், உடனே இக்னிஷன் டைமிங்கை 2 டிகிரி தாமதமாக்குங்க. அப்புறம் ஆயில் சம்ப்ல (அடியில ஆயில் நிக்குற தொட்டி) தடுப்பு வெல்ட் பண்ணலேன்னா இதெல்லாம் வீண். நீண்ட கார்னர்ல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்அப் (ஆயிலை உறிஞ்சுற குழாய்) காத்தை உறிஞ்சும், பேரிங் போயிரும்.