கலைச்சொல் உதவி: "ஆன்-சைட் டிஸ்போசல்", அகற்றலா வைப்பா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புடையீர், வணக்கம்.

கதிரியக்கக் கழிவு விதிகளைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு தொடரில் நிற்கிறது: "ரெகுலேட்டரி அப்ரூவல் ஃபார் ஆன்-சைட் டிஸ்போசல் ஆஃப் லோ-லெவல் ரேடியோஆக்டிவ் வேஸ்ட்". இப்போதைக்கு "தாழ்நிலைக் கதிரியக்கக் கழிவைத் தளத்திலேயே அகற்றுவதற்கான ஒழுங்குமுறை ஒப்புதல்" என்று எழுதியிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்த தோழிக்குக் கல்பாக்கம் பக்கம்தான் ஊர். "அகற்றியாச்சுன்னா அப்புறம் எதுக்கு 300 வருஷம் காவல்?" என்று கேட்கிறார். என்ன சொல்லலாம்?

அனுப்புநர்: கழிவு மேலாண்மைப் பிரிவில் பணி ஓய்வு பெற்றவர், கல்பாக்கம்

உங்கள் தோழி கேட்டது சரியான கேள்வி அம்மா. எங்கள் தொழிலில் ஸ்டோரேஜ் வேறு, டிஸ்போசல் வேறு. பின்னால் எடுக்கப்போகிறோம் என்று வைத்தால் ஸ்டோரேஜ். இனி எடுப்பதில்லை என்று வைத்தால் டிஸ்போசல். பொருள் ஊரைவிட்டுப் போகிறதா என்பது இதில் பேச்சே இல்லை.

நம் நாட்டில் நில மேற்பரப்பை ஒட்டிய புதைகுழிகள் அந்தந்த அணுமின் நிலைய வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் கொள்கை. வருகிற பண்டம் என்ன? கையுறை, துடைத்த துணி, வடிகட்டி, கழற்றிப்போட்ட குழாய். எரிவதை எரித்துச் சாம்பலாக்குவோம், அமுங்குவதை அழுத்திச் சுருக்குவோம், சிலவற்றைச் சிமெண்டில் கட்டுவோம். பிறகு சிப்பத்தின் மேற்பரப்பில் கதிர்வீச்சை அளப்போம். மணிக்கு 2 மில்லிசீவர்ட்டுக்குள் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) இருந்தால் கருங்கல் கட்டிய மண்குழி. 20 வரை கான்கிரீட் குழி. அதற்கும் மேலே போனால் டைல் ஹோல், அதாவது எஃகு உள்ளுறையோடு செங்குத்தாக இறங்கும் உருளைக் குழி.

300 ஆண்டுக் கணக்குக்குக் காரணம் கழிவில் உள்ள சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரையாயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டு. பத்து அரையாயுள் கழிந்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை வேலியும் வேண்டும், சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளும் வேண்டும். ஆகவே "அகற்றல்" கூடாது. "நிலைவைப்பு" என்று போடலாமே.

அனுப்புநர்: தமிழாசிரியர், பாளையங்கோட்டை

நண்பர்களுக்கு வணக்கம். "அகற்று" என்பதை வேரிலிருந்து பார்ப்போம். அகல் தன்வினை, அகற்று பிறவினை. அகலுக்கு நீங்குதல் மட்டுமா பொருள்? விரிதலும் உண்டு. அகலம், அகன்ற தெரு, அகல் விளக்கு எல்லாம் அந்தக் குடும்பம். எனவே அகற்றுதல் என்றால் விரியச் செய்தல் என்றும் ஆகும். பரவவே கூடாத பொருளுக்குப் பரப்புதல் என்ற பொருளும் உள்ள வினையைச் சூட்டலாமா?

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துக் காதையைப் புரட்டுங்கள்:

"சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்
தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்"

கல்பாக்கம் ஐயா சொன்ன முறைகளை இதனோடு வைத்துப் பாருங்கள். எரிகலன் சுடுவது. மண்குழி தொடுகுழிப் படுப்பது, அதாவது தோண்டிய குழியில் கிடத்துவது. கான்கிரீட் குழி தாழ்வயின் அடைப்பது. எஃகு உருளை தாழி. வெறுமனே இட்டுவிட்டுப் போவது ஒன்றுதான் விதிக்கு ஒவ்வாது. தாழ் என்றால் கீழ், தாழ் என்றால் தாழ்ப்பாளும்கூட. "அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்" என்ற குறளில் அடைத்தலும் தாழும் சேர்ந்தே வருகின்றன. என் பரிந்துரை: தாழ்வடைப்பு. கீழே வைத்து, அடைத்து, திறவாமல் விடுதல் மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

எங்கள் பக்கத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தவை. 300 ஆண்டு கேட்கும் தொழிலுக்கு அந்தச் சொல்மரபு பொருந்தும்.

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். படிக்க நன்றாக இருக்கிறது, வகுப்பில் சொல்ல ஏலாது. நீங்கள் காட்டிய அடிகள் சுடுகாட்டைப் பற்றியவை. கதிர்வீச்சு என்றாலே பயப்படும் பிள்ளைக்கு ஈமத்தாழியின் உறவுச் சொல்லைக் கொடுத்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

"நிலைவைப்பு" எங்களுக்குச் சரிவராது. நிலையான வைப்பு என்றால் இங்கே வங்கியில் போடும் காசு, காலம் முடிய வட்டியோடு திரும்ப வரும். எடுக்கவே மாட்டோம் என்பதற்கு நேர் எதிர். அகற்றல் பற்றிய குறை நியாயமானது. கழிவகற்றல் என்றால் பிள்ளைகளுக்கு நகரசபை வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போவதுதான்.

இன்னொன்று, நாங்கள் கதிர்த்தொழிற்பாடு என்றே படிப்பிக்கிறோம். கதிரியக்கம் இங்கேயும் விளங்கும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் தாழ்நிலை என்று மொட்டையாக விடாமல், எதன் நிலை தாழ்ந்தது என்று ஓரிடத்திலாவது சொல்லுங்கள். ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அனுப்புநர்: அறிவியல் இதழ் ஆசிரியர், கோவை

தாழ்வடைப்பை எதிர்க்கிறேன். புலவர் ஐயாவின் புலமைக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த நூலை வாசிக்கப்போவது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிற மீனவரும் பஞ்சாயத்து உறுப்பினரும். மணிமேகலை தெரிந்தால்தான் விளங்கும் சொல் அவர்களைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடும். 2019இல் கூடங்குளத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருளை வைக்கும் இடம் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லாமே "அணுக்கழிவு" என்ற ஒரே சொல்லில் கலந்துபோனது. கையுறைக் குழியும், எரிந்து தீர்ந்த எரிபொருளை நீரில் வைக்கும் குளமும் ஒன்றல்ல. அந்தத் தெளிவைத் தருவதே நம் வேலை. "புதைத்தல்" என்று எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்.



அனுப்புநர்: தமிழாசிரியர், பாளையங்கோட்டை

தெரிந்த சொல்லையே எழுதுவது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தால் மின்சாரம், கணினி எதுவும் வந்திருக்காது. கணினியைக் கேட்டவர்கள் முதல் நாளே புரிந்துகொண்டார்களா? புழங்கப் புழங்கத்தான் சொல் தெளியும். மீனவருக்கு விளங்காது என்று நாமே முடிவுகட்டுவது அவரைக் குறைத்து மதிப்பது. அவர் வாயில் இருக்கும் கடற்சொற்களில் பாதி நமக்குத் தெரியாது.

அனுப்புநர்: கல்பாக்கம்

புதைத்தல் முழுக்கப் பொருந்தாது. கான்கிரீட் குழியை நிரப்பி மேலே கான்கிரீட் மூடி போட்டு நீர் புகாமல் அடைக்கிறோம். மண்ணோடு கலக்கவிடாமல் பிரித்து வைப்பதுதான் வேலை. தாழிகளைப் பற்றி ஒரு சொல்: எங்கள் துறையில் பழம்பொருள்களைப் பார்த்து நெடுங்கால அரிமானத்தை (பொருள் அரித்துத் தேய்வதை) கணிப்பதுண்டு. ஆகவே ஆதிச்சநல்லூர்ப் பேச்சு வீண்பேச்சு அல்ல. ஆனால் தாழியில் விரிசல் வழியே நீர் புகுந்தால் யாருக்கும் கெடுதி இல்லை, எங்கள் குழியில் புகுந்தால் உண்டு.

"ஒப்புதல்" பற்றி யாருமே பேசவில்லை. நம் நாட்டின் 1987 கதிரியக்கக் கழிவு விதிகளில் இருப்பது ஆத்தரைசேஷன். அது இல்லாமல் கழிவை வைக்கக் கூடாது, அதில் குறித்த முறையையும் இடத்தையும் மீறக் கூடாது. மீறினால் நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் வழியுண்டு. கையெழுத்துப் போட்டதும் முடிந்துபோகும் ஒப்புதல் அல்ல அது.

அனுப்புநர்: சுற்றுச்சூழல் பொறியாளர், அமெரிக்கா

இங்குள்ள நடைமுறையையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 20.2002 என்ற பிரிவு, வழக்கமான வழிகளில் அடங்காத கழிவுக்கு உரிமம் பெற்றவர் தனியே விண்ணப்பிக்க இடம் தருகிறது. என்ன கழிவு, எப்படி வைக்கப்போகிறார், நிலமும் நிலத்தடி நீரும் எப்படிப்பட்டவை, மக்களுக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேரும் என்று விவரிக்க வேண்டும். ஆண்டுக்குச் சில மில்லிரெம்முக்குள் (100 மில்லிரெம் ஒரு மில்லிசீவர்ட்) இருந்தால்தான் இங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொதுவாக ஏற்கும். 1981க்கு முன் சிறு அளவுகளை முன்னொப்புதல் இல்லாமலே மண்ணில் புதைக்க விதி இடம் தந்தது, பிறகு அதை நீக்கிவிட்டார்கள். இங்கே இது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனி முடிவு. அதற்கு ஒப்புதல் பொருந்தும். இந்திய விதிக்கு வேறு சொல் வேண்டும் என்ற ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். "இசைவு" எப்படி?

அனுப்புநர்: கோவை

இசைவு வேண்டாம். மாசு கட்டுப்பாட்டு வாரியம் தருவது இசைவாணை. இரண்டும் குழம்பும். ஒப்பளிப்பு (சாங்ஷன்) நிதித்துறைக்குப் போய்விட்டது. உரிமம் லைசென்ஸ். மிஞ்சுவது அங்கீகாரம். பள்ளிக்கூட அங்கீகாரம் எல்லோருக்கும் தெரியும், அதை ரத்து செய்ய முடியும் என்பதும் தெரியும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பு போகிறது. கூடுதல் பேர் ஏற்ற கருத்துகளை எடுத்துக்கொண்டு நானே ஒரு சொல் ஆக்கினேன். தலைப்பில் "வளாக இறுதிவைப்பு". உள்ளே பெயர்ச்சொற்களை அடுக்காமல் வாக்கியமாகவே விரித்துவிட்டேன்: "கதிரியக்கம் குறைந்த கழிவை, திரும்ப எடுக்கும் எண்ணமின்றி, நிலைய வளாகத்திலேயே வைப்பதற்கு ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும்." தாழ்நிலை என்பதன் விளக்கமும் 300 ஆண்டுக் கணக்கும் அடிக்குறிப்பாக வரும். தாழ்வடைப்பு சொல்லடைவில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

அனுப்புநர்: யாழ்ப்பாணம்

வாக்கியம் நல்லது, அப்படியே வகுப்பில் வாசிப்பேன். "இறுதி" மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 300 ஆண்டு கிணற்று நீரைச் சோதிக்க வேண்டிய வேலையை இறுதி என்றால், வைத்தவரின் பொறுப்பு அன்றே முடிந்ததாக ஒலிக்கும். தலைப்பிலும் "மீளெடாவைப்பு" என்றே போட்டிருக்கலாம்.

அனுப்புநர்: தமிழாசிரியர், பாளையங்கோட்டை

மீளெடாவைப்பில் சொற்புணர்ச்சி சரிதான், ஓசைதான் இடறுகிறது. இறுதிவைப்பை நானும் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது இந்த இழையை மறுபடி திறவுங்கள். தொடுகுழி பற்றி நான் இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது.