பிரீமியம் கட்டியாச்சு, வட்டி மட்டும் முதலாளி தலையிலா?

பட்டறைக்காரன்: வருஷம் தவறாமல் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசிக்குப் பிரீமியம் கட்டுகிறேன். பட்டறையில் ஒரு பையனுக்கு மெஷினில் கை மாட்டி விரல் போனது, வழக்கு இழுத்து இப்போதுதான் உத்தரவு வந்திருக்கிறது. இழப்பீட்டை மட்டும் தருவோம், தாமதத்துக்கான 12 சதவீத வட்டி உங்கள் பொறுப்பு என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. அசலும் வட்டியும் கம்பெனி தலையில், அபராதம் மட்டும் முதலாளி தலையில் என்று 1997-லேயே வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே?

கிளெய்ம்குமார்: அண்ணே, அது வண்டி பாலிசி வழக்கு. வண்டிக்குக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். பட்டறைக்கு எடுத்தது நீங்களாக எடுத்தது. 2006-இல் ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்தார்கள். விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்தது தொழிலாளி தன் உரிமையை எழுதிக்கொடுப்பதை. வட்டி சேராது என்று முதலாளியும் கம்பெனியும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் செல்லும். எதற்குப் பிரீமியம் வாங்கினார்களோ அதற்குத்தான் கவர்.

பட்டறைக்காரன்: நல்லா இருக்கே! வாய்தா மேல் வாய்தா வாங்கியது கம்பெனி வக்கீல், அவர் இழுத்த காலத்துக்கு வட்டி நான் கட்டணுமா?

செங்கொடி: சார், ஒன்றை இரண்டு பேரும் பேசவே இல்லை. விபத்து நடந்த அன்றே இழப்பீடு கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது, உத்தரவு வரும் நாளில் அல்ல. 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னது. முழுத் தொகையில் தகராறு இருந்தாலும் ஒத்துக்கொள்ளும் பங்கை முன்கூட்டியே கட்டச் சொன்னது அதே 1923 சட்டத்தின் 4ஏ பிரிவு. ஒரு மாதத்துக்குள் கட்டியிருந்தால் அந்தப் பங்குக்கு வட்டி எங்கிருந்து வரும்? விரல் போனவன் இத்தனை நாள் எதை வைத்துச் சாப்பிட்டான் என்று யாராவது கேட்டீர்களா?

பட்டறைக்காரன்: தோழர், அவ்வளவு பணம் கையில் இருந்தால் எனக்கு எதற்கு பாலிசி?

கிளெய்ம்குமார்: அது நியாயமான கேள்விதான். ஆனால் கோபத்தை விட்டுவிட்டு பாலிசியைப் படியுங்கள். வட்டி சேராது என்ற வாசகம் எழுத்தில் இருக்கிறதா? மோதியா தீர்ப்பே அந்த வாசகத்தின் மேல்தான் நிற்கிறது, வாசகம் இல்லையென்றால் கம்பெனி அதைக் காட்டித் தப்பிப்பது கஷ்டம். அப்புறம் இன்னொன்று, பிரீமியத்தைக் குறைக்க ஆள் கணக்கையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டவில்லையே? பலர் செய்யும் வேலை அது, கிளெய்ம் வரும்போதுதான் வெடிக்கும்.

பட்டறைக்காரன்: கணக்கெல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். ஏஜென்ட் என்னிடம் தந்தது ஒரே ஒரு தாள், நிபந்தனைகள் இருக்கும் முழு பாலிசியைக் கண்ணில் காட்டவில்லை. நாளைக்கே எழுதிக் கேட்கிறேன்.

செங்கொடி: கேளுங்கள். பதில் வருகிறவரை காத்திருக்காமல் அசலையாவது கம்பெனியை இந்த வாரமே கட்டச் சொல்லுங்கள். வட்டி யார் தலையில் என்ற சண்டை உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில், அந்தப் பையனுக்கு அதில் வேலையில்லை.